சுவரைப் பார்த்து நின்றவன்

யாராவது பாஸ்வேர்டு அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். பேருக்குத் தலையைத் திருப்புகிற வேலை அவனிடம் கிடையாது. மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குப் போய் நிற்பான். நின்றபடி வலது கை நகத்தால் சுவரை டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பான். பின்னால் எத்தனை எழுத்து அடிக்கிறார்கள் என்ற சத்தம்கூடத் தன் காதில் விழக்கூடாதாம். முடிந்தது என்று உரியவர் ஒரு தரம் சொன்னால் திரும்பமாட்டான். இரண்டாம் தரம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் இதைப் பார்த்ததும் இவன் திருடன் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. தேவராஜா மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்றே பாதி ஆயுசைக் கழித்தவள் நான். பழத்தை அமுக்குகிற ஆள் பழத்தைப் பார்க்கமாட்டான். எதிர்க்கடைப் பூவைப் பார்ப்பான், கூரையில் இருக்கும் புறாவைப் பார்ப்பான். கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்யும். நான் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடிப்பேன். எனக்குப் படிப்பு கம்மி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கன்னடத்தில் பஸ் போர்டு தெரியும், அதற்கு மேல் இல்லை. ஆனால் என் கடையில் பழத்தை நசுக்கிவிட்டு நழுவிப் போனவன் ஒருத்தன்கூட இல்லை. ஆகவே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதனைக் கண்டால் என் கண் தானாக அவன் கைக்குப் போய்விடும்.

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மகள் ரெஜினாவின் லேப்டாப்பைப் பார்க்க.

ரெஜினா வக்கீல். புருஷன் வீட்டில் அடிபட்டு வெளியேறி வருகிற பெண்களின் வழக்கைத்தான் அதிகம் எடுப்பாள். அதனால் அவள் லேப்டாப்பில் எல்லாரும் வைத்திருப்பது இருக்காது. லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, முழுசுக்கும் பூட்டு வைத்திருந்தாள். திறந்தவுடனே அது பாஸ்வேர்டு கேட்கும். சரியாகச் சொல்லாவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் வெறும் குப்பை. தூக்கிக்கொண்டு போனாலும் ஒருத்தனுக்கும் பிரயோஜனம் இல்லை.

ஒருநாள் என்னமோ அப்டேட் கேட்டது, கொடுத்தாள். மறுநாள் காலையில் திறந்தால் பாஸ்வேர்டே கேட்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நாலு வரி ஓடி அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே கதை. கையில் சாவி இருக்கிறது, வாசலில் சாவி வாங்கிக்கொள்கிற ஆளைக் காணோம். அப்படி ஒரு நிலைமை.

அந்தச் சமயத்தில் அதற்குள்ளே சௌம்யாவின் உயிர் இருந்தது. சௌம்யா ரெஜினாவிடம் வந்த பெண். புருஷன் மிரட்டியதை எல்லாம் போனில் பிடித்து வைத்திருந்தாள். அவன் அந்தப் போனை அம்மிக்கல்லில் போட்டு உடைத்துவிட்டான். அதற்கு முன்னால் ரெஜினாவுக்கு அனுப்பிய ஒரே நகல் இந்த லேப்டாப்பில் இருந்தது. பெண் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் விசாரணை அடுத்த வாரம். அதே லேப்டாப்பில்தான், சௌம்யாவும் குழந்தையும் நஞ்சன்கூட்டில் எந்த ஹாஸ்டலில் ஒளிந்திருக்கிறார்கள் என்ற விலாசமும் இருந்தது. உள்ளே இருப்பது தொலைந்தால் குழந்தை போகும். வெளியே போனால் தாயே போவாள்.

ரெஜினா முதலில் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனாள். "ஃபார்மட் பண்ணிடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்களாம். மாரோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். பிறகு கோர்ட்டில் யாரோ இவனைப் பற்றிச் சொன்னார்கள். தேவராஜ மொஹல்லாவில் படத்துக்கு பிரேம் போடுகிற கடைக்கு மேலே, ஒரே ஜன்னல் உள்ள அறை. அங்கே போனால் லேப்டாப்பைத் தொடவே மாட்டேன் என்றிருக்கிறான்.

"இதை இங்க விட்டுப்போட்டுப் போகாதீங்க. நான் ஊட்டுக்கு வாரேன். உங்க ஊடு, உங்க கரண்டு, உங்க கண்ணு முன்னால."

கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் ஏதோ ஊர் அவனுக்கு. பேச்சிலே தெரியும். மரியாதை எல்லாம் குறைவில்லாமல் இருக்கும். சிரிப்பு மட்டும் இருக்காது.

வந்தவன் உட்காரவில்லை. பையைத் தலைகீழாக மேசையில் கொட்டினான். நெட்டைத் திருப்புளி, குட்டைத் திருப்புளி, பென் டிரைவ் இரண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினான். போனை அணைத்து ரெஜினாவின் கையில் கொடுத்தான். வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கச் சொன்னான். ஒரு பொட்டை எடுத்து லேப்டாப்பின் நெற்றியில், கேமரா கண் இருக்கிற இடத்தில் ஒட்டினான்.

"இந்த ஊட்டுல ரொம்பச் சந்தேகப்படறவங்க யாருங்க?" என்று கேட்டான்.

ரெஜினா யோசிக்கவே இல்லை. "எங்க அம்மா."

"அப்ப அம்மா எம் பக்கத்துல உக்காரட்டுங்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏப்பா, எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு தானே என்னைப் பிடிச்சு உக்கார வைக்கிற?"

"இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ஸ்கிரீனைப் பாத்துட்டு இருப்பாங்க. எங்கை எங்க போகுதுன்னு ஆரு பாக்கறது?"

"திருட வந்தவனும் இப்படித்தான் நைசாப் பேசுவான்."

"ஆமாங்கம்மா. இப்படியேதான் பேசுவான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை எனக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

தன்னாலே எழுந்திருக்காத லேப்டாப்பைப் பெரிய பென் டிரைவைச் சொருகி அதிலிருந்து எழுப்பினான். எழுப்பிய உடனே அவனைப் பிடித்தேன். ரெஜினா பாஸ்வேர்டு அடிக்கும் முன்னாலேயே சின்ன பென் டிரைவ் ஒன்றைச் சொருகி எதையோ அதற்குள் இறக்கினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"என்ன எடுக்கிற?"

ரெஜினா கன்னடத்தில் பதறினாள். "அம்மா, சும்னே இரு!"

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "புடிங்கம்மா, நல்லாப் புடிங்க. இது பூட்டோட தலை. முழுசும் பூட்டிக் கிடக்குதில்லீங்க, அந்தப் பூட்டுக்குத் தலைப்பக்கம் ஒரு துளி இடம். அது கெட்டுப்போச்சுன்னா சரியான பாஸ்வேர்டு போட்டாலும் தொறக்காது. எங்கை தவறுனா திருப்பி வெக்கறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா?"

"இதை வெச்சுத் திறந்துடலாமா?"

"இது மட்டும் இருந்தா முடியாது. பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டு மட்டும் இருந்து தலை போயிட்டாலும் முடியாது."

"அப்ப இது எங்கிட்ட இருக்கட்டும்."

"உங்ககிட்டதான் இருக்கோணும்" என்றான். நான் கேட்பதற்காகவே காத்திருந்தவன் மாதிரி அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். நான் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினேன். அது அவன் தந்திரமோ என்று அப்போதும் ஒரு யோசனை இருந்தது.

அடுத்தது பூட்டைத் திறக்கிற வேலை. ஏதோ ஒரு வரி அடித்தான். பாஸ்வேர்டு கேட்டது. அவன் சுவருக்குப் போனான், டக் டக். ரெஜினா அடித்தாள். "ஆச்சு அண்ணா" என்றாள், "ஆச்சு" என்றாள். திரும்பி வந்து லேப்டாப்பை ரெஜினா பக்கம் திருப்பிவிட்டான். உள்ளே எல்லாம் இருந்தது. சௌம்யாவின் பதிவுகள் வரிசையாக, ஒன்றும் கெடாமல். ரெஜினா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழுகறத அப்புறம் வெச்சுக்குங்க. முதல்ல அதுக்கு ஒரு நகல் எடுத்துப் பூட்டி வையுங்க. நீங்களே எடுங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கறேன்" என்று மறுபடியும் சுவருக்குப் போய்விட்டான்.

மகள் அழுகிறாள், நான் அழவில்லை. திறக்கும்வரை தொலைந்துபோச்சோ என்று ஒரு பயம். திறந்த நிமிஷத்தில் அது போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. வீடு திறந்து கிடக்கிறது, உள்ளே முன்பின் தெரியாத ஆம்பிளை. சௌம்யாவின் புருஷன் பணம் கொடுத்து அனுப்பிய ஆளாகக்கூட இருக்கலாம். கோர்ட்டில் யாரோ சொன்னார்கள் என்றால், அந்த யாரோ யார்? நான் கண்ணைச் சிமிட்டுவதையே குறைத்துக்கொண்டேன்.

கோளாறு என்னவென்று அவன் எனக்குச் சொன்னான். நான் கேட்டதால் சொன்னான். எழுந்திருக்கத் தேவையான சாமான் வைக்கிற அறை ரொம்பச் சின்னது. பழசை எடுத்துப் போடாமலே அப்டேட் மேல் அப்டேட்டாக அடைத்ததில் அறை நிரம்பி, கடைசியாக வந்தது பாதியிலே நின்றுவிட்டது. பாஸ்வேர்டு கேட்கிற ஆள் அந்த விட்டுப்போன பாதியில் இருந்தான்.

பழசை ஒழித்துப் புதுசாகக் கட்டினான். அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தபோது நான் ரசபாளை வாழைப்பழம் இரண்டு எடுத்து நீட்டினேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பழம் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

"வேண்டாங்கம்மா. வேலை செய்யற ஊட்டுல சாப்பிடமாட்டேன்."

"ஏன், விஷம் வெச்சிருப்பேனா?"

"சாப்பிட்டா நம்பிக்கை வந்துரும். உங்களுக்கு எம்மேல, எனக்கு உங்கமேல. வேலை கெட்டுப் போயிரும்."

தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தான். வாழைப்பழக்காரியை இப்படி அவமானம் செய்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தக் கோபத்தில் கேட்டுவிட்டேன். "நீ யாரையும் நம்பாம இருக்கிறது சரி. உன்னை யாரும் நம்பக்கூடாதுன்னு ஏன்ப்பா இப்படி அலையற?"

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "முன்னாடி ஒரு கடையில வேலை பாத்தனுங். ரிப்பேருக்கு வந்த ஒரு புள்ளையோட போட்டோ வெளிய போயிருச்சு. நான் எடுக்கலீங்க. எடுக்கலைன்னு சொன்னேன். சரி, எடுக்கலைன்னு காட்டுன்னாங்க. எங்கிட்டக் காட்ட என்ன இருக்குது? நல்ல பையன்னு எல்லாரும் நம்பி, ஒருத்தரும் பக்கத்துல உக்காராமப் போயிட்டாங்க."

எடுத்தவனும் இதையேதான் சொல்லுவான் என்று மனசில் நினைத்தேன். வாயால் சொல்லவில்லை.

கட்டி முடித்து லேப்டாப்பை அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே கறுப்புத் திரை, அதே நாலு வரி. ரெஜினா நெற்றியில் அறைந்துகொண்டாள். இவன் திரையை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

"என்னைய நானே நம்பீட்டனுங்!"

விஷயம் இதுதான். பென் டிரைவில் இருந்து பூட்டைத் திறக்கும்போது திறந்த அறைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். அந்த லேப்டாப் தன் அறைக்கு ஏற்கெனவே ஒரு பெயரை உள்ளே குறித்து வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் இவன் வழக்கமாக வைக்கிற பெயரை வைத்துவிட்டான். பெயர் ஒத்துப்போகாததால், பூட்டு என்று ஒன்று இருப்பதே புதுசாகக் கட்டியதற்குத் தெரியவில்லை. சாவி கேட்கிற ஆள் மறுபடியும் விட்டுப்போனான். உள்ளே இருந்த பெயரைப் பார்த்து அதையே வைத்துத் திறந்து, திரும்பவும் கட்டினான். அதற்கு ஒரு பாஸ்வேர்டு, அதற்கு ஒரு சுவர், அதற்கு ஒரு டக் டக்.

இந்தத் தடவை லேப்டாப் தன்னாலே எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. கேட்டதைப் பார்த்த உடனே அவன் மறுபடி சுவருக்குப் போனான். ரெஜினா உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்துச் "சரியா இருக்கு" என்று கத்தியதும், தன் சாமான்களை ஒவ்வொன்றாக என் முன்னால் காட்டிப் பைக்குள் போட்டான். பெரிய பென் டிரைவை மட்டும் என் பக்கம் தள்ளினான்.

"இது உங்க ஊட்டுக்குள்ள போயிட்டு வந்தது. இதுவும் எங்கூட வரக்கூடாது."

சுருக்குப்பையில் இரண்டாயிற்று. "சரி பண்ணிட்டேன்" என்று அவன் சொல்லவில்லை. "பாத்துக்குங்க" என்றான். அவன் எங்கேயும் அப்படித்தான் சொல்வானாம். கீழே பிரேம் போடுகிறவர் பிற்பாடு ஒரு கதை சொன்னார். பெரிய மனிதர் ஒருத்தர் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி அவன் மேசையில் வைத்து, "உன்கிட்ட என்னப்பா ஒளிவுமறைவு" என்றாராம். இவன் சீட்டைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு, "எடுத்துட்டுப் போயிருங்க, மாத்திப்போட்டு வாங்க" என்று கத்திக் கூட்டம் கூட்டிவிட்டானாம். "ஹுச்சா, பைத்தியக்காரன்" என்று பிரேம்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோர்ட்டில் அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்டார்கள். குழந்தை சௌம்யாவிடமே இருக்கட்டும் என்று ஆயிற்று. அவனை நாங்கள் மறந்துபோனோம்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு மத்தியானம் சௌம்யா குழந்தையை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தாள். நஞ்சன்கூட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவளுக்குச் செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. ஹாஸ்டல் வாசலில் புருஷன் நின்றானாம். குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டானாம்.

"அந்த விலாசம் உங்க லேப்டாப்ல மட்டும்தானே இருந்தது அக்கா?" என்று ரெஜினாவைப் பார்த்துக் கேட்டாள்.

ரெஜினாவின் முகம் வெளுத்தது. "அந்த ரிப்பேர்காரன்" என்றாள். போனை எடுத்து யார் யாருக்கோ பேசினாள். பழைய கடை, போட்டோ விஷயம் எல்லாம் அரை மணியில் வெளியே வந்துவிட்டது. "ஏற்கெனவே பேர் கெட்டவன்மா! இவனையா வீட்டுக்குள்ள விட்டோம்? இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

ஒருதரம் பேர் கெட்டவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் அப்புறம் யார் விசாரிக்கப் போகிறார்கள்? அவனுடைய அந்த ஒரு ஜன்னல் அறை அன்றோடு சரி.

"உக்காரு" என்றேன். "அவன் இல்லை."

"அம்மா, நீ அவனை நம்பறியா?"

"யார் சொன்னா? அன்னிக்கும் நம்பல, இன்னிக்கும் நம்பல. நம்பியிருந்தா உள்ள போய்ப் படுத்திருப்பேன். நம்பாததாலதான் சொல்றேன். அவன் கை போன இடமெல்லாம் என் கண்ணு போச்சு."

ரெஜினா வக்கீலாகிவிட்டாள். "ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சுன்னு உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. ஸ்கிரீன்ல இருந்தது வெளிய போகணும்னா ஒரு வாசல் வேணுமா இல்லையா? அவன் போன் உன் மடியில. வைஃபை பெட்டி வயரை நீயே பிடுங்கின. அவன் கொண்டுவந்த பென் டிரைவ் ரெண்டும் இதோ." சுருக்குப்பையை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். பாக்கோடும் சில்லறையோடும் இரண்டும் விழுந்தன.

"மனசுல வெச்சுட்டுப் போயிருந்தா?"

"எதைப் பார்த்து மனசுல வெக்கிறது? ஒவ்வொரு தரமும் அந்தச் சுவத்தைத்தானே பார்த்தான்! கறுப்புத் திரையில ஓடின வெள்ளை எழுத்தைத் தவிர வேற ஒரு பக்கத்தையும் அவன் திறக்கல. பதிவை நகல் எடுத்தது நீ. திறந்து பார்த்தது நீ. அப்ப அவன் எனக்குக் காட்டினது முதுகு. அவன் மூஞ்சி எனக்கு இப்ப மறந்துபோச்சு, முதுகை எங்க பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன்."

ரெஜினா போனைக் கீழே வைத்தாள். நான் சௌம்யாவைப் பார்த்துத் திரும்பினேன். சந்தேகப்படுகிறவள் ஒரு ஆளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

"பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தியா?"

"நஞ்சன்கூட்டுலயே சேர்த்தேன் ஆன்ட்டி."

"டீசி?"

அவள் பாப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புதுப் பள்ளிக்கூடம் டீசி கேட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருக்கிறது. பழைய பள்ளிக்கூடத்தில் அப்பன் போய் நின்றால், பெற்றவன்தானே என்று புதுப் பள்ளிக்கூடம் எது என்பதைச் சொல்லத்தானே செய்வார்கள்? விசாரித்ததில் அப்படியேதான் நடந்திருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் இருந்து பிள்ளையின் பின்னாலேயே ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறான். ரெஜினா அன்றைக்கே சௌம்யாவை வேறு ஊரில் வைத்தாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்கு ஆட்டோவில் போனேன். முழங்கால் வலியோடு அந்தப் படி ஏறினேன். இதைச் சொல்கிற இந்த நாளில் அந்த மாடியில் வேறு ஏதோ கடை. அவன் எங்கே போனான் என்று பிரேம்காரருக்கும் தெரியாது. சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவன்? ஆனால் நான் படி ஏறிப் போன அன்றைக்கு அங்கேதான் இருந்தான்.

"உன் பேர்ல போலீசுக்குப் போக இருந்தாங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

கேட்கக் கேட்க அவன் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. நான் கையைத்தானே பார்ப்பேன். நகம் வெள்ளையாகிவிட்டது.

"ஆரு நிறுத்துனது?"

"நான்தான்."

"என்னைய நம்புனீங்களா?" அவன் குரலில் சந்தோஷம் இல்லை. பயந்துபோய்க் கேட்டான்.

"உன்னையா? நல்லாருக்கே கதை. நான் பார்த்ததைச் சொன்னேன்."

விளிம்பைப் பிடித்த கை மெதுவாகத் தளர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். "அந்தக் கடையில உங்களாட்டம் ஒருத்தரு உக்காந்திருந்தா..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. அந்தக் கடையில் நான் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் அந்தப் போட்டோவைப் பற்றி நான் இன்றுவரை ஒரு பக்கமும் பேசியதில்லை, பேசவும் மாட்டேன்.

பழத்தை நீட்டினேன். வாங்கினான். ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான், பழத்தைப் பார்த்துக்கொண்டே. "நீங்க போனதுக்கப்புறம் திங்கறனுங்" என்றான்.

பிறகு தன் லேப்டாப்பை இழுத்துத் திறந்தான். அதுவும் பாஸ்வேர்டு கேட்டது. அவன் விரல்கள் எழுத்துக்களுக்கு மேலே அப்படியே நின்றன. என்னை எழுந்து போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் இருக்கும்போது அடிக்கவும் கை வரவில்லை.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவன் அறையில் சுவர் பக்கத்திலேயே இருந்தது. மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய் நின்று, நகத்தால் டக் டக்கென்று தட்டினேன்.

"ஆச்சுங்கம்மா" என்றான்.

நான் திரும்பவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.